இந்தப் பழத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? தேடிக் கண்டுபிடிக்கும் வழி

பதினாறு பழங்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் வேலை ஒன்று எனக்கு வந்தது. மாம்பழம், பலா, கொய்யா எல்லாம் கை தானாக எழுதிவிட்டது. மீதியை ஒரே மதியத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆனது. நாவல்பழத்துக்கு ‘பிளாக்பெர்ரி’ என்று எழுதி அனுப்பினேன். ‘மரத்தில் காய்க்கும் என்கிறீர்கள், பிளாக்பெர்ரி முட்புதரில் அல்லவா காய்க்கும்?’ என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. விளாம்பழத்துக்கு நான் எழுதிய பெயரைப் படித்தவர் வில்வப்பழம் என்று நினைத்துக்கொண்டார். எலுமிச்சையில்கூட மாட்டினேன் என்றால் பாருங்கள்.

எல்லாத் தப்புக்கும் காரணம் ஒன்றுதான். தமிழ்ப் பெயரிலிருந்து நேராக ஆங்கிலப் பெயருக்குத் தாவினேன். நடுவில் தாவரவியல் பெயர், அதாவது உலகம் முழுக்க ஒரு செடிக்குப் பொதுவாக வழங்கும் அறிவியல் பெயர் என்று ஒரு படி இருக்கிறது. அதில் கால் வைக்காமல் தாண்டினால் விழத்தான் வேண்டும். நீங்கள் விழாமல் இருக்க, நான் கடைசியில் கண்டுபிடித்த வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

1. யார் படிக்கப் போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள்

நான் இதைக் கடைசியில்தான் யோசித்தேன். அதனால் பாதி வேலையை இரண்டு தடவை செய்தேன். நண்பரிடம் பேச்சுவாக்கில் சொல்வதற்கு ஏதோ ஒரு பெயர் போதும். கதையோ சமையல் குறிப்போ மொழிபெயர்க்கிறீர்கள் என்றால், படிப்பவர் ஊரில் புழங்கும் பெயர் வேண்டும். பொட்டலத்தில் ஒட்டும் லேபிள், ஏற்றுமதிப் படிவம், மருத்துவரிடம் கொடுக்கும் உணவுப் பட்டியல் ஆகியவற்றில் ஆங்கிலப் பெயரோடு தாவரவியல் பெயரும் சேர்ந்தே போக வேண்டும்.

மருத்துவ விஷயத்தில் விளையாடவே கூடாது. ‘ஸ்டார்’ என்று தொடங்கும் மூன்று பழங்கள் இருக்கின்றன. ஸ்டார் ஃப்ரூட் என்பது குறுக்கே வெட்டினால் நட்சத்திரமாக விழும் தமரத்தம்பழம். ஸ்டார் கூஸ்பெர்ரி என்பது அரைநெல்லி. ஸ்டார் ஆப்பிள் என்பது சப்போட்டா குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பழம். இதில் முதலாவது, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதிலிருக்கும் நச்சு சிறுநீரில் வெளியேறாமல் தங்கி மூளையைத் தாக்கும். ‘ஸ்டார் ஏதோ ஒன்று சாப்பிட்டார்’ என்று சொன்னால் மருத்துவர் என்ன செய்வார்?

2. தமிழ்ப் பெயரை முழுசாக வாங்குங்கள்

பழத்தின் பெயரைச் சொன்னவரிடம், முன்னால் ஏதாவது அடைமொழி உண்டா என்று கேளுங்கள். சீமை, காட்டு, முள், அரை, ராம், பேர் என்று ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றிரண்டு எழுத்துதான் பழத்தையே மாற்றிவிடும். அத்தி வேறு, சீமையத்தி வேறு. கடையில் காயவைத்து விற்பது இரண்டாவது. ஈச்சை காட்டில் கிடைப்பது, பேரீச்சை பாலைவனத்திலிருந்து வருவது. பலா என்றால் ஜாக்ஃப்ரூட், சீமைப்பலா என்றால் பிரெட்ஃப்ரூட். சீத்தாவில் மட்டும் சீத்தா, ராம்சீத்தா, முள்சீத்தா என்று மூன்று உண்டு. மூன்றும் ஒரே இனத்தின் ரகங்கள் என்று நானும் நினைத்திருந்தேன். மூன்றும் தனித்தனி இனங்கள்.

அப்புறம், சொன்னவர் எந்த வட்டாரத்துக்காரர் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். முந்திரி என்றதும் ஒருவருக்குக் கொட்டை வெளியே தொங்கும் பழம் நினைவுக்கு வரும். ஈழத்தமிழில் முந்திரிகை என்றால் திராட்சை. ஆனைக்கொய்யா என்பது அவகாடோ. அதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ‘எலிஃபன்ட் குவாவா’ என்று வாங்கிவிட்டு வராதீர்கள். இரண்டு மூன்று வட்டாரப் பெயர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டால் அடுத்த படிகளில் கைகொடுக்கும்: நாவல், நாகப்பழம், நவாப்பழம் என்று மூன்றையும் தேடினால்தான் எல்லாத் தகவலும் சிக்கும்.

எந்தப் பகுதி என்பதையும் கேளுங்கள். நுங்கும் பனம்பழமும் ஒரே மரம்தான், ஆனால் ஆங்கிலத்தில் ‘ஐஸ் ஆப்பிள்’ என்பது நுங்குக்கு மட்டும். பனம்பழத்துக்கு அதை எழுதினால் படிப்பவர் வேறு எதையோ எதிர்பார்ப்பார்.

3. பழத்தை மட்டும் படம் பிடிக்காதீர்கள்

எல்லோரும் செய்வது இதுதான்: பழத்தைக் கையில் வைத்து ஒரே ஒரு படம். பழம் பல சமயம் ஏமாற்றும். இலைதான் காட்டிக்கொடுக்கும்.

விளாவையும் வில்வத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கெட்டி ஓடு, இரண்டும் கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் பெரிசு, இரண்டு மரத்திலும் முள். படத்தில் பார்த்தால் அண்ணன் தம்பிபோல இருக்கும். ஆனால் இலையைப் பாருங்கள். வில்வத்தில் காம்புக்கு மூன்று இலைகள். விளாவில் ஒரே காம்பில் ஐந்தோ ஏழோ குட்டி இலைகள் எதிரெதிராக. விளாவின் ஓடு சொரசொரவென்று சாம்பல் பூத்திருக்கும். வில்வத்தின் ஓடு வழவழப்பாக, பழுக்கப் பழுக்க மஞ்சளாகும். உடைத்தால் விளாவின் சதை பழுப்பு, அதில் சின்னச் சின்ன விதைகள் நிறைய. வில்வத்தின் சதை ஆரஞ்சு, விதையைச் சுற்றிக் கோந்துபோல ஒரு பசை. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ஓட்டோடு எடுத்த ஒரே படத்தை வைத்து நான் ஒரு வாரம் குழம்பினேன்.

ஆகவே குறைந்தது ஆறு படம் எடுங்கள்: முழுப் பழம், குறுக்கே வெட்டிய பழம், விதை, இலையின் முன்பக்கமும் பின்பக்கமும், இலைகள் கொம்பில் எப்படி அமைந்திருக்கின்றன என்பது, முடிந்தால் பூ. இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்பது பெரிய துப்பு. நாவலில் ஜோடியாக இருக்கும். பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். கையை வைத்தால் அளவு தெரியாது, கைகள் பல அளவு.

கடையில் வாங்கிய பழம், மரம் எங்கே என்றே தெரியாது என்றால் வெட்டிய பழமும் விதையும் கண்டிப்பாக வேண்டும். விதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

4. தாவரவியல் பெயரைப் பிடியுங்கள்

நேரம் போவது இங்கேதான். ஆனால் இதை ஒழுங்காகச் செய்துவிட்டால் மிச்சமெல்லாம் பழுத்த விளாம்பழம் ஓட்டை விட்டுக் கழன்று வருகிற மாதிரி வந்துவிடும்.

முதலில் படத்திலிருந்து போங்கள். படத்தைப் பார்த்துப் பெயரை ஊகிக்கும் செயலிகள் உண்டு: கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட். மூன்றும் இலவசம். லென்ஸ் வேகமானது, ஆனால் கடைப் படங்களையும் சேர்த்துக் கொட்டும். பிளான்ட்நெட் இலை, பூ, பழம், பட்டை என்று தனித்தனியாகக் கேட்டுவிட்டு, பொருந்தக்கூடிய பெயர்களை வரிசைப்படுத்தித் தரும். ஐநேச்சுரலிஸ்டில் செயலியின் ஊகத்தோடு நிற்காமல் மனிதர்களும் வந்து பார்த்துச் சொல்வார்கள். பொதுவான மரம் என்றால் சீக்கிரம் பதில் வரும், அபூர்வமானது என்றால் வாரக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காமலும் போகலாம். நான் மூன்றிலும் போட்டேன். மூன்றும் ஒரே பெயரைச் சொன்னால் நம்பிக்கை வைக்கலாம். இரண்டு செயலிகள் ஒரு பெயரையும் மூன்றாவது வேறு பெயரையும் சொன்னால், பெரும்பான்மை என்று முடிவு கட்டாமல், இரண்டு பெயருக்கும் இலைப் படத்தை எடுத்து ஒப்பிடுங்கள்.

பிறகு பெயரிலிருந்து வாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. இப்போது இணையத்தில் காசில்லாமல் தேடலாம். மரம் செடிகளுக்கு அதில் பெரும்பாலும் தாவரவியல் பெயர் கொடுத்திருப்பார்கள். தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையின் பக்கவாட்டுப் பெட்டியிலும் அந்தப் பெயர் இருக்கும். அங்கிருந்து ‘பிற மொழிகள்’ என்பதை அழுத்தி ஆங்கிலக் கட்டுரைக்குத் தாவி அதன் தலைப்பை அப்படியே எடுத்துக்கொள்ள ஆசை வரும். வேண்டாம். இணைப்பு தப்பாகவும் இருக்கலாம். இரண்டு கட்டுரைகளிலும் உள்ள தாவரவியல் பெயர் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

படத்திலிருந்து வந்த பெயரும் அகராதியிலிருந்து வந்த பெயரும் ஒத்துப்போனால் இந்தப் படி முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால் பதறாதீர்கள், அடுத்த படியில் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

5. அந்தப் பெயர் பழசா என்று பாருங்கள்

தாவரவியல் பெயர்கள் மாறும். இது தெரியாமல் நான் நாவலுக்கு இரண்டு மரங்கள் இருப்பதாகவே நினைத்துவிட்டேன். பழைய புத்தகங்களில் அது யூஜீனியா ஜம்போலானா. இப்போது சைசீஜியம் குமினி. விளா ஃபெரோனியா எலிஃபன்டமாக இருந்தது. இப்போது லிமோனியா அசிடிசிமா. டிராகன் பழத்தை ஹைலோசீரியஸ் பேரினத்திலிருந்து செலினிசீரியஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

இதைச் சரிபார்க்க லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் ‘பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்டு ஆன்லைன்’ தளம் போதும். கட்டணமில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. பழைய பெயரைத் தட்டினால், இது இன்னதின் மறுபெயர் என்று சொல்லி இப்போதைய பெயருக்கு வழிகாட்டும். ஒரு பழத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ‘எதை வைத்து இந்தப் பெயர் போட்டீர்கள்?’ என்று யாராவது கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்கும். என்னிடம் கேட்டார்கள்.

6. இப்போதுதான் ஆங்கிலப் பெயர்

கையில் தாவரவியல் பெயர் இருக்கிறது. அதைப் போட்டுத் தேடினால் ஒரு பெயருக்குப் பதில் ஐந்தாறு ஆங்கிலப் பெயர்கள் வந்து நிற்கும். அமெரிக்க வேளாண் துறையின் கிரின் என்ற தரவுத்தளம் பொதுப்பெயர்களை மொழிவாரியாகப் பட்டியலிடுகிறது. நான் அதில் தொடங்குவேன். அதிலிருந்து எதை எடுப்பது என்பது, நீங்கள் முதல் படியில் முடிவு செய்த ஆளைப் பொறுத்தது.

சீத்தாப்பழம் நல்ல உதாரணம். அன்னோனா ஸ்குவாமோசா. இந்திய ஆங்கிலத்தில் அது கஸ்டர்ட் ஆப்பிள். அமெரிக்காவில் சுகர் ஆப்பிள், கரீபியத் தீவுகளில் ஸ்வீட்சாப். ஆஸ்திரேலியாக்காரரிடம் கஸ்டர்ட் ஆப்பிள் என்றால் அவர் அட்டிமோயா என்ற கலப்பினத்தை நினைப்பார். போதாக்குறைக்கு, ராம்சீத்தாவையும் கஸ்டர்ட் ஆப்பிள் என்றே பல நூல்கள் எழுதுகின்றன. நான் ‘சுகர் ஆப்பிள்’ என்று எழுதினேன், குழப்பம் குறைவு. முள்சீத்தாவில் இந்தத் தொல்லை இல்லை, சவர்சாப் என்றால் எங்கும் புரியும்.

அடிக்கடி காலை வாரும் இன்னும் சில:

வுட் ஆப்பிள். விளாவுக்கும் இதே பெயர், வில்வத்துக்கும் சிலர் இதையே எழுதுகிறார்கள். விளாவை எலிஃபன்ட் ஆப்பிள் என்று மாற்றிப் பார்த்தால், அந்தப் பெயரில் உவா என்கிற டில்லேனியா இண்டிகா ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. விளாவுக்கு வுட் ஆப்பிள், வில்வத்துக்கு பேல் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

கூஸ்பெர்ரி. வெறுமனே இப்படி எழுதினால் அது குளிர்நாட்டுப் புதர்ப்பழம். நெல்லிக்கு முன்னால் ‘இந்தியன்’ கட்டாயம். கேப் கூஸ்பெர்ரி என்பது காகித உறைக்குள் இருக்கும் மஞ்சள் பழம், தக்காளிக்கு உறவு.

டமரிண்ட். கொடுக்காப்புளியை மணிலா டமரிண்ட் என்பார்கள், கொடம்புளியை மலபார் டமரிண்ட் என்பார்கள். இரண்டும் புளிய மரத்தின் இனத்தில் சேராதவை. முன்னால் உள்ள சொல்லை விட்டுவிட்டால் கதை கந்தல்.

பாபா. பிரிட்டன், ஆஸ்திரேலியாப் பக்கம் பப்பாளியை இப்படிச் சொல்வார்கள். அமெரிக்காவில் அதே பெயர் சீத்தாக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுப்பழத்துக்கு. பப்பாயா என்றே எழுதுங்கள்.

கடைசியாக எலுமிச்சை. பள்ளியில் லெமன் என்று படித்தோம், இந்திய ஆங்கிலத்தில் அது செல்லும். ஆனால் உருண்டையான, தோல் மெலிந்த, நாம் தினம் பிழிகிற சின்னப் பழம் பிற நாட்டவருக்கு லைம். அவர்கள் லெமன் என்பது நீள்வட்டமாக, தடித்த தோலோடு, நுனியில் காம்புபோல ஒரு மொட்டு நீட்டிக்கொண்டிருப்பது. இருபது வருடமாக எழுதிவந்த சொல்லை அடித்துத் திருத்தும்போது கொஞ்சம் வலித்தது.

பெயரைத் தேர்ந்ததும் தலைகீழ்ச் சோதனை ஒன்று செய்யுங்கள். அந்த ஆங்கிலப் பெயரை மட்டும் படத்தேடலில் போட்டு, வரும் முதல் இருபது படங்களை, தமிழ்ப் பெயரைச் சொன்னவரிடமே காட்டுங்கள். ‘இதேதான்’ என்றால் சரி. ‘இதுல பாதி வேற பழமாச்சே’ என்றால் அந்தப் பெயர் தனியாக நிற்காது, தாவரவியல் பெயரைப் பக்கத்தில் போட்டே ஆக வேண்டும். பிளாக்பெர்ரிக்கு நான் இதைச் செய்திருந்தால் முதல் படத்திலேயே தெரிந்திருக்கும்.

7. ஆங்கிலத்தில் பெயரே இல்லாவிட்டால்

இல்லாததை உருவாக்காதீர்கள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து ஒரு பெயரைச் செய்தால், அது உங்கள் தாளுக்கு வெளியே எங்கும் கிடைக்காது. தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். தமிழ்ப் பெயரையே ஆங்கில எழுத்தில் எழுதுங்கள், பக்கத்தில் தாவரவியல் பெயர், அதன் பின் ஒரு வரி விளக்கம்: ‘சிறிய கறுப்புப் பழம், ஒற்றை விதை, துவர்ப்பு’ என்பது போல. ரம்புத்தான், டுரியான் எல்லாம் மலாய்ச் சொற்கள்தானே, ஆங்கிலம் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லையா? ஜாமுன், பேல், இலந்தையைக் குறிக்கும் பேர் எல்லாமும் நம் நாட்டிலிருந்து அப்படி உள்ளே போனவைதான். நாவலுக்கு நானும் இறுதியில் ‘ஜாமுன்’ என்று எழுதி, பக்கத்தில் ‘ஜாவா பிளம்’ என்று சேர்த்தேன்.

8. தாளில் எழுதும்போது

தாவரவியல் பெயர் இரண்டு சொல். முதல் சொல்லின் முதலெழுத்து பெரியது, இரண்டாவது சொல் முழுக்கச் சின்ன எழுத்து, இரண்டும் சாய்வெழுத்தில். கையால் எழுதினால் அடிக்கோடு இடுங்கள். ஒரு எழுத்து தப்பினாலும் வேறு செடியாகிவிடலாம் என்பதால் தட்டச்சு செய்யாமல் கியூ தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவது பத்திரம்.

பழமோ கன்றோ நாடு தாண்டிப் போகிறது என்றால், பூச்சியோ நோயோ இல்லை என்று தாவரங்களுக்குத் தரும் ஃபைட்டோசானிட்டரி சான்றிதழில் தாவரவியல் பெயருக்கென்றே ஒரு கட்டம் உண்டு. அதில் ஆங்கிலப் பெயரை எழுதாதீர்கள். சரக்கை வகைப்படுத்தச் சுங்கம் பயன்படுத்தும் ஹெச்எஸ் குறியீட்டு எண் அதற்குத் தனி: பழங்கள் 8ஆம் அத்தியாயம். அவகாடோவுக்கு 0804.40, பப்பாளிக்கு 0807.20, டுரியானுக்கு 0810.60 என்று சிலவற்றுக்குத் தனி எண் இருக்கிறது. கொய்யா, மா, மங்குஸ்தான் மூன்றுக்கும் சேர்த்து 0804.50. தனி எண் இல்லாதவை ‘மற்றவை’யில் போகும். நாடு வாரியாகக் கடைசி எண்கள் மாறும், அதை அந்தந்த நாட்டுப் பட்டியலில் பாருங்கள். விலைப்பட்டியல், சான்றிதழ், லேபிள் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கட்டும். ஒன்றில் கஸ்டர்ட் ஆப்பிள், இன்னொன்றில் சுகர் ஆப்பிள் என்றால் இரண்டு சரக்கா என்று கேள்வி வரும்.

9. செலவும் நாளும்

மேலே சொன்ன செயலிகளுக்கும் தளங்களுக்கும் காசில்லை. தெரிந்த பழம் என்றால் அரைமணி. பெயர் குழப்பம் உள்ளது என்றால் ஒரு நாள், அதில் பாதி அடுத்தவர் பதிலுக்குக் காத்திருப்பது. படிவத்துக்குக் கடைசித் தேதி இருந்தால் இரண்டு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள்.

எதிலும் சிக்காத காட்டுப்பழம் என்றால் ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகத்தைத்தான் கேட்க வேண்டும். கட்டணம் உண்டா, எத்தனை நாள் ஆகும் என்று முதலில் எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். இலையோடும் பூவோடும் அல்லது காயோடும் ஒரு சிறு கொம்பை வெட்டி, செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றுங்கள். தாளைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். எனக்கு ஒன்பது நாள் ஆனது. எடுத்த தேதி, இடம், மரத்தின் உயரம், பூவின் நிறம் ஆகியவற்றை அன்றே சீட்டில் எழுதிவிடுங்கள். காய்ந்த பிறகு எல்லாப் பூவும் பழுப்புதான்.

பூ இல்லாமல் அனுப்பினால் ‘பூத்தபின் அனுப்பவும்’ என்று பதில் வரலாம். என் பட்டியலில் பதினாறாவது பழத்துக்கு அப்படித்தான் வந்தது. அந்த வரியில் தமிழ்ப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மரம் இன்னும் பூக்கவில்லை.